மயில் தோரணத்தின் கீழே ஒரு படம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கும் என்னுடைய முதலாம் ஆண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஜொகூர் மாநிலத்துப் பாலோவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்னத் தமிழ்ப்பள்ளி. எத்தனை பிள்ளைகள் என்று சொன்னால் ஜொகூர் பாரு நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள், அதனால் சொல்ல மாட்டேன். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் சாந்தினி பாடம் நடத்தினாள்.

அவளைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. விருது வாங்கியவள் இல்லை, மேடையில் பேசத் தெரியாது, புகைப்படம் எடுத்தால் கடைசி வரிசைக்குப் போய் நிற்பாள். நான் அவளுக்குப் பக்கத்து வகுப்பில் பல வருஷம் உட்கார்ந்து முணுமுணுத்தவள். ஆகவே எழுதுகிற உரிமை எனக்குத்தான் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

முணுமுணுப்புக்குக் காரணம் இருந்தது. புதன்கிழமை ஓய்வு நேரம் முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே குரலில் ஒரு கூச்சல் கிளம்பும்: "பொய்ய்ய்ய்!"

என் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அப்போதுதான் 'க', 'ங' எழுதிக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் பென்சிலைப் போட்டுவிட்டு அவர்களும் "பொய்!" என்று கத்துவார்கள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். ஊரில் எல்லார் கைப்பேசியிலும் புலனம் என்கிற வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற படங்கள், காணொளிகள், 'உடனே பகிரவும்' செய்திகள் இவற்றில் ஒன்றை சாந்தினி வகுப்பிலிருந்த பெரிய தொலைக்காட்சித் திரையில் போடுவாள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பள்ளியின் மடிக்கணினிகளில் அதைத் துருவ வேண்டும். படத்தையே கணினிக்குள் போட்டுத் தேடினால் அது முதலில் எங்கே, எந்த வருஷம் வந்தது என்று தெரிந்துவிடுமாம். பள்ளி இணையம் நத்தை மாதிரி ஊர்ந்தால் தன் சொந்தக் கைப்பேசி இணைப்பைத் திறந்துவிடுவாள். தேடுவதற்கு முன்னால் எல்லாரும் ஒவ்வொரு விரலாகத் தூக்கி மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் சொன்னது? எப்போது? வேறு யார் பார்த்தது? பதில் கிடைத்ததும் படம் உண்மையானால் "மெய்" என்பார்கள். அதைச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள். பொய்யானால்தான் கூரை பறக்கும்.

ஒரு தடவை பக்கத்து மாவட்டமான சிகாமட்டின் வெள்ளத்தில் ஒரு வீட்டு வாசலில் முதலை படுத்திருக்கிற படத்தைப் போட்டாள். அது வேறு ஏதோ நாட்டு முதலை என்று பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்தினார்கள். அந்தப் படத்தை ஆசிரியர் குழுவில் பகிர்ந்த புண்ணியவதி நான்தான். அன்று கன்டீனில் என்னைப் பார்த்து சாந்தினி தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிங்கலா, நல்லா சிரிங்க," என்றேன்.

"பூரணி டீச்சர், முதலை மலாய் பேசுச்சா, வேற பாஷை பேசுச்சான்னாவது கேட்டிருக்கலாம்ல!"

அவளுக்கு இப்படி ஒரு வெறி வந்ததற்கு அவளுடைய அப்பா காரணம். ஐயாசாமி, சிகாமட் ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே போய்விட்டதால் கைப்பேசிதான் அவருக்குத் துணை. காலை வணக்கத்தில் தொடங்கிக் கண்டதையும் பார்ப்பார், பார்த்ததையெல்லாம் நம்புவார். கொரோனா தடுப்பூசி வந்த வருஷம் யாரோ ஒரு பழைய நண்பர் அவருக்கு ஒரு காணொளி அனுப்பினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் அதில் ஊசி போடாதே, போடாதே என்று பேசினான். ஐயாசாமி வீட்டைப் பூட்டிக்கொண்டார். சாந்தினி தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறாள், அழுதிருக்கிறாள். அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் டாக்டரே இல்லை என்று தேடிக் கண்டுபிடித்து ஆதாரத்தோடு அனுப்பியும் வைத்தாள்.

"நீ அனுப்புறது மட்டும் உண்மைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாராம் மனுஷன்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாத நாட்கள் அவை. பாலோவில் இவள், சிகாமட்டில் அவர். மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. போலீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு இவள் போய்ச் சேர்ந்தபோது மூடின பெட்டிதான் இருந்தது. அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்பதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"பொய்தான் டீச்சர் எங்கப்பாவைக் கொன்னுச்சு. இந்தப் பிள்ளைங்க வீட்டுல அப்படி ஒண்ணு நடக்கக்கூடாது."

அதற்குப் பிறகு புதன்கிழமைக் கூச்சலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மனசுக்குள் மட்டும் முணுமுணுத்துக்கொள்வேன்.

அந்த வகுப்பில் துருவுவதில் கெட்டிக்காரி லோஷினி. ஒல்லிப் பெண், இரட்டைப் பின்னல், பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள். சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் மாசாயில் இருந்தவர்கள், முந்தின வருஷக் கடைசியில்தான் அம்மாவும் மகளும் பாலோவுக்கு மாறி வந்தார்கள். அம்மா சந்திரமதி தினமும் தொழிற்சாலை பஸ் ஏறிக் குளுவாங்கில் உணவுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவாள். அப்பா ரூபேந்திரனுக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. முன்பெல்லாம் விடியும் முன்னே மோட்டாரில் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு ராத்திரி வந்துவிடுவாராம். கொரோனா காலத்தில் எல்லையை மூடியபோது வேலையை விட மனசில்லாமல் அந்தப் பக்கமே தங்கிவிட்டார். நம் ஜொகூரில் அப்படித் தங்கின அப்பாக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

எல்லை திறந்தபோது மற்ற அப்பாக்கள் வந்தார்கள். லோஷினியின் அப்பா வரவில்லை. "அப்பாவுக்கு லீவு குடுக்கல டீச்சர். அடுத்த மாசம் வருவாரு," என்று சொல்லுவாள். ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னாள். அப்பா அவளுக்குப் புலனத்தில் எழுதுவார். 'சாப்டியா கண்ணு', 'நல்லா படி கண்ணு'. வேலை இடத்தில் கைப்பேசியில் பேசக்கூடாதாம், இவள் கூப்பிட்டால் முதலாளி திட்டுவானாம். ஆகவே எழுத்து மட்டும்தான். அதுவும் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை விடுகிற அதே நேரத்தில்தான் அப்பாவிடமிருந்து செய்தி வரும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை என்பதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம்.

மறைத்து வைத்துக் கடைசியில் காட்டி வித்தை செய்வது எனக்குப் பிடிக்காது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரூபேந்திரன் அப்போது உயிரோடு இல்லை. எல்லை மூடியிருந்த காலத்திலேயே, அந்தக் கரையில், நெஞ்சு வலித்து விழுந்து போய்விட்டார். லோஷினிக்கு எழுதிக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா. இது சாந்தினிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, பாலோவில் ஒருவருக்கும் தெரியாது.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த வாரம். வீட்டிலிருந்து ஒரு தீபாவளிப் படம் கொண்டு வாருங்கள், அது எங்கே எப்போது எடுத்தது என்று படத்தை மட்டும் வைத்து நிரூபியுங்கள் என்று சாந்தினி சொல்லியிருந்தாள். பிள்ளைகள் படங்களை அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பினார்கள். லோஷினி அனுப்பினது அப்பாவின் படம். தீபாவளி அன்று காலையில் 'அப்பா' அவளுக்கு அனுப்பியது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலை, தலைக்கு மேலே மயில் விரித்த விளக்குத் தோரணம், அதன் கீழே புதுச் சட்டையில் ரூபேந்திரன்.

பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். "இது எங்க அப்பா! இந்த வருஷத் தீபாவளி!" என்று அவள் சொன்னபோது குரலில் இருந்த பெருமையைக் கேட்டு நானே சிரித்தேன்.

"சரி, நிரூபிங்க," என்றாள் சாந்தினி.

"யார் சொன்னது? அப்பா. எப்போ? தீபாவளி அன்னைக்கு. வேற யாரு பார்த்தது... இருங்க டீச்சர், தேடுறேன்."

யாரோ ஒரு பையன், "ஏன் எல்லாரும் மூக்கு வாய் மூடிக்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டான். படத்தில் அப்பா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார், பின்னால் போகிறவர்கள் எல்லாருக்கும் முகக்கவசம். "சிங்கப்பூர்ல அப்படித்தான்லா," என்று லோஷினி அவனை அடக்கினாள். விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

சிராங்கூன் சாலைத் தோரணத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு வருஷம் அதன் வடிவம் மாறும். ஒரு வருஷம் போட்டதை மறுவருஷம் போடமாட்டார்கள். அந்த வருஷம் யானை. மயில் போட்டது அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், எல்லை மூடியிருந்த காலத்தில். சந்திரமதிக்கு இது தோன்றவே இல்லை. கணவனுடைய கைப்பேசியில் அவர் சிரித்தபடி நிற்கிற தீபாவளிப் படம் ஒன்று இருந்தது, அனுப்பிவிட்டாள். தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்தது முகத்தை மட்டும்தான்.

லோஷினி கெட்டிக்காரி. தானே கண்டுபிடித்தாள். திரையில் ஒரு பக்கம் அப்பாவின் மயில், மறு பக்கம் அந்த வருஷத்து யானை. கீழே தேதி. அவள் வாயைத் திறப்பதற்குள், பழக்க தோஷம், வகுப்பு முழுதும் எழுந்து நின்று கத்தியது:

"பொய்ய்ய்ய்!"

என் பிள்ளைகளும் வழக்கம்போலக் கூடச் சேர்ந்து கத்தினார்கள். பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து சாந்தினியின் குரல், "சரி, எல்லாரும் உட்காருங்க, அப்பா பழைய படத்தைத் தப்பா அனுப்பியிருப்பாரு," என்றது.

மறுநாள் காலையில் தொழிற்சாலைச் சீருடையோடு சந்திரமதி பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆசிரியர் அறையில் நானும் சாந்தினியும் மட்டும்தான் இருந்தோம். நான் எழுந்து போகப் பார்த்தேன். சாந்தினி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அந்த கம்ப்யூட்டர் தப்புன்னு அவகிட்ட சொல்லிருங்க டீச்சர்," என்று ஆரம்பித்தாள் சந்திரமதி. நெற்றியில் பெரிய பொட்டு. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "நேத்து அவ அப்பாவுக்கு எழுதியிருக்கா. 'இந்தப் படம் எப்போ எடுத்ததுப்பா'ன்னு. நான்... அவரு, இந்த வருஷம்தான்னு பதில் போட்டாரு. அவ நம்பல. ராத்திரி சாப்பிடல."

"நான் லோஷினி அப்பாகிட்டயே பேசட்டுமா?" என்றாள் சாந்தினி நல்ல மனசோடு.

சந்திரமதி அவளையே பார்த்தாள். பிறகு உடைந்துபோனாள்.

"அவரு இல்ல டீச்சர். செத்து ஒரு வருஷம் தாண்டிருச்சு. போர்டர் மூடியிருந்துச்சு, போக முடியல. கம்பெனிக்காரங்க வீடியோ கால்ல காட்டுனாங்க. பிள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, அந்தச் சின்ன திரையில என் புருஷனை எரிக்கிறதைப் பார்த்தேன். சாம்பல் வந்துச்சு, துணி வந்துச்சு, போன் வந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். போர்டர் தொறந்ததும் அப்பா வருவாருன்னு அவ ஓடி வந்து கட்டிப்பிடிச்சு சொல்றா, நான் எப்படி டீச்சர் சொல்லுவேன்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... ஒரு நாள் அவரு போன்ல அவ செய்தி வந்துச்சு, 'அப்பா சாப்டீங்களா'ன்னு. நான் பதில் போட்டுட்டேன்."

அந்தச் சிங்கப்பூர் எண்ணைச் சாகவிடாமல் மாதாமாதம் காசு போட்டு உயிரோடு வைத்திருந்தாளாம். ஐயோ, என்ன பாவம் செய்தாள் அந்தப் பெண்!

"இந்த லீவு வரைக்கும் டீச்சர். லீவுல எங்க அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லிடுறேன். சத்தியம். அதுவரைக்கும் ஒரு வார்த்தை. நீங்க சொன்னா அவ நம்புவா. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும்."

சாந்தினி, அப்பா விஷயத்தில் ஒரு பொய்யிடம் தோற்றுப்போனவள். அதற்குப் பிறகு வாழ்ந்ததே பொய்யை எதிர்த்துத்தான். அவளைப் போய் இந்த அம்மா இப்படிக் கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சந்திரமதியைப் பார்த்துக்கொண்டே கோபப்பட என்னால் முடியவில்லை. "லீவுல கண்டிப்பா சொல்லணும்," என்றாள் சாந்தினி. "நானும் கூட வர்றேன்." பிறகு எழுந்து போய் லோஷினியை அழைத்து வந்தாள்.

பிள்ளை அம்மாவைப் பார்த்துத் திகைத்து நின்றாள். சாந்தினி அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து நாம பார்த்தது தப்பும்மா. அந்த மயில் தோரணத்தை இந்த வருஷமும் வேற ஒரு தெருவுல மாட்டியிருக்காங்களாம். அங்கதான் அப்பா படம் எடுத்தாரு."

லோஷினி மெதுவாக ஒரு விரலைத் தூக்கினாள். விளையாட்டுக்கு இல்லை. அப்படித்தான் அவளுக்குக் கேட்கத் தெரியும். அப்படித்தான் இவள் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"யார் சொன்னா டீச்சர்?"

சாந்தினியின் முகம் வெளுத்துப்போனது. "உங்க அப்பாதான். என்கிட்ட பேசினாரு."

இரண்டாவது விரல். "எப்போ?"

"இப்பதான். காலையில."

மூன்றாவது விரல் எழும்பியது. அந்தக் கேள்வியை அவள் முடிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். "நானும் கேட்டேன்டா கண்ணு. இங்கதான் இருந்தேன்."

அடுத்து நடந்ததை நாங்கள் மூன்று பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. அவள் எங்களை நம்பிவிட்டாள். அவ்வளவு முழுசாக நம்பினாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்பா இன்னைக்குப் போன்ல பேசுறாரா? வேலையில விடுறாங்களா? அப்போ நானும் பேசுறேன் டீச்சர்!"

மேசைமேல் இருந்த சாந்தினியின் கைப்பேசியை அள்ளிக்கொண்டாள். அது ஆசிரியர் அறையில் எப்போதும் திறந்தே கிடக்கும், பிள்ளைகளுக்கு இணைப்புத் தருவதற்காக. அப்பாவின் எண் அவளுக்கு மனப்பாடம். "வேணாம்டி!" என்று சந்திரமதி எழுவதற்குள் அழைத்துவிட்டாள்.

சந்திரமதியின் கைப்பைக்குள் உறுமிமேளம் அடித்தது.

ரூபேந்திரன் தன் கைப்பேசிக்கு வைத்திருந்த அழைப்பொலி அது. லோஷினிக்கு அந்தச் சத்தம் தெரியும். மாசாய் வீட்டில், மோட்டார் வந்து நின்றதும் அவர் சட்டைப்பையில் அடித்துக் கதவுக்கு வெளியே கேட்கிற சத்தம். அவள் பையைப் பார்க்கவில்லை. சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

"அப்பா வந்துட்டாரா?"

வாசலில் யாரும் இல்லை. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மெல்லத் திரும்பி அம்மாவின் மடியைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சாந்தினியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை போட்ட அலறல் பலகையைத் தாண்டி, திடலைத் தாண்டி எங்கே போயிற்றோ. சந்திரமதி தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சாந்தினி நாற்காலியை விட்டு எழவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் சந்திரமதியின் அண்ணன் வந்து, செய்ய வேண்டிய காரியங்களைச் செய்தார். சாந்தினியும் நானும் போயிருந்தோம். யாரோ ஒரு அம்மாள் சந்திரமதியின் பொட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மா பொட்டு வெச்சுக்கட்டும்," என்றாள் லோஷினி. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அன்று அவள் பேசவில்லை. சாந்தினியிடம் அவள் பேச ஆறேழு மாதம் ஆயிற்று. வகுப்பில் கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை வகுப்பை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. திரை ஒளிர்ந்தது, பிள்ளைகள் தேடினார்கள். ஆனால் வீட்டுப் படம் யாரும் கொண்டுவரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கூச்சலையும் நிறுத்திவிட்டாள். பொய்யென்று தெரிந்தால் பிள்ளைகள் கையைத் தூக்கினால் போதும். என் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அமைதியாக 'க', 'ங' எழுதினார்கள். அந்த அமைதியைத்தான் நான் இத்தனை நாளாக விரும்பிக்கொண்டிருந்தேன். கிடைத்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு நாள் கன்டீனில் கேட்டேன். "அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமோ, சாந்தினி?"

"சொல்லியிருந்தா அழுதிருப்பா டீச்சர். நாம பொய் சொன்னதால, வாசலைத் திரும்பிப் பார்த்துட்டு அழுதா." கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தப் பார்வை எனக்குப் போகவே மாட்டேங்குது."

லோஷினி இப்போது குளுவாங்கில் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். சாந்தினியோடு பேசுகிறாள், அதிகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால், சிராங்கூன் சாலையில் விளக்குப் போட்டதும், அந்த வருஷத்துத் தோரணப் படத்தைத் தேடி எடுத்து சாந்தினிக்கு அனுப்புவாள். எங்கே கிடைத்தது, யார் எடுத்தது, எந்தத் தேதி, எல்லாம் சரியாக எழுதியிருப்பாள். கடைசியில் ஒரு வரி இருக்கும். போன தீபாவளிக்கு வந்ததை சாந்தினி எனக்குக் காட்டினாள். காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

'இது அப்பா பார்க்காதது, டீச்சர்.'